ஆறாம் திகதிக் கறை

“ஜனவரி 6, செவ்வாய். காலை 6.10. போர்டிக்கோவில், காரின் முன்சில்லுக்கு ஓர் அடி பின்னால் கறுப்புக் கறை. ஐந்து ரூபாய் நாணயக்குற்றியளவு. தொட்டால் வழுக்குகிறது. மழை இல்லை. வாவி மட்டம் நேற்றைவிட இரண்டு அங்குலம் அதிகம்.”

என் கொப்பியில் அன்றைய பதிவு இவ்வளவுதான். இப்போது வாசித்தால் ஆறுதலாக இருந்து எழுதியது போலத் தெரிகிறது. உண்மையில் பேனையை எடுக்குமுன் மூன்று தரம் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தேன். மூன்றாம் தரம் முழங்காலில் நின்று முகர்ந்தேன். என்ஜின் ஒயில்தான். காரின் மூக்குக்கு நேரே இருந்த ஜன்னலுக்கு உள்ளே என் மகள் நித்திரையாக இருந்தாள். அவளுக்குப் பிள்ளைப்பேற்றுக்கென்று கிளினிக்கில் குறித்துக் கொடுத்த நாள் ஜனவரி 20. இன்னும் பதினான்கு நாள்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் என் பயம் விளங்காது.

அதற்கு இரண்டு வருடம் முந்திய மாரியில் மகள் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், மாப்பிள்ளையின் வீட்டில் இருந்தாள். அவளுக்கு அது முதற் பிள்ளை. நோவு எடுத்ததும் வாடகை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நானும் அதில் இருந்தேன். வயலுக்கு நடுவே வீதியை மூடி ஓடிய தண்ணீரில் வான் நின்றுவிட்டது. சாரதி பொனட்டைத் திறப்பார், மூடுவார், திரும்பவும் திறப்பார். 10.25க்கு நின்ற வான் 11.10க்குத்தான் கிளம்பியது. பிள்ளை தங்கவில்லை. அந்த நாற்பத்தைந்து நிமிடம் பிந்தியதாலா என்று டொக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, அப்படி இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். கொப்பியில் ‘காரணம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன்.

மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. வெளிநாட்டு வாகன இறக்குமதிக்கு இருந்த தடையை அரசாங்கம் எடுத்ததும் அவர் முதல் செய்த காரியம் கார் எடுத்ததுதான். யப்பானிலிருந்து வந்த சின்னக் கார், ஓடியது மிகக் குறைவு. எங்கள் செட்டிபாளையத்து வளவுக்கு அது வந்து பத்து மாதம். “மாமா, பதிஞ்சது உங்கட பேர்ல. ஆனா அது அவளுக்கு எடுத்த கார்” என்று போனில் சொன்னார். இரண்டாவது பிள்ளை உண்டானதும் மகளை எங்களிடம் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்டத்தான். ஆனால் முதல் நடந்ததைப் பார்த்துவிட்டு, இந்தத் தரம் மட்டக்களப்பு டவுன் பெரியாஸ்பத்திரிக்கே வரவேண்டும் என்று டொக்டர் கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் எழுதியிருந்தார். வடக்கே கிட்டத்தட்ட இருபது கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒரே வீதி.

அந்தக் காருக்குக் கீழேதான் கறை.

“இஞ்சருங்க, விடியக்காத்தால காருக்குக் கீழ என்னத்தத் தேடுறீங்க?” என்று மனைவி வாசலில் நின்று கேட்டா.

“ஒண்டுமில்ல. பேனை விழுந்திட்டு.”

“பேனை உங்கட காதுல கிடக்கு.”

பொனட்டைத் திறந்தேன். என்ஜினுக்குள் ஒயில் எவ்வளவு என்று பார்க்கும் கம்பியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு இழுத்தேன். கம்பியின் நுனியில் இரண்டு புள்ளி உண்டு. மேல் புள்ளிக்கும் கீழ்ப் புள்ளிக்கும் இடையில் ஒயில் நிற்கவேண்டும். அன்று அது கீழ்ப் புள்ளிக்கும் கீழே நின்றது.

இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பியை நான் அதற்கு முன் இழுத்துப் பார்த்ததே இல்லை. பத்து மாதமாகக் காரின் மைல்கட்டை, பெற்றோல், சில்லுக்கு அடித்த காற்று எல்லாம் கொப்பியில் இருக்கின்றன. ஒயில் இல்லை. ஆறாம் திகதி அளவுக்கு முந்திய அளவு என்று ஒன்று என்னிடம் கிடையாது. முப்பத்தொரு வருடம் குளங்களில் நீர்மட்டம் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவன் நான். முந்திய அளவு தெரியாமல் ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் பயந்தவனுக்கு ஓர் அளவே போதுமாக இருக்கிறது.

டவுனில் இந்த மாதிரிக் கார்களைப் பழுது பார்க்கும் இடத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பிள்ளை மரியாதையாகக் கதைத்தது. “கொண்டு வந்து விடுங்க சேர். கழட்டித்தான் பாக்கணும். சீல் ஏதும் போயிருந்தா கொழும்பில இருந்து வரணும். நாலஞ்சு நாள் எடுக்கும். இப்ப வெள்ளம் வேற, கூடவும் எடுக்கலாம்.”

“விடாமல், பாத்திட்டுத் தர ஏலாதா?”

“ஏலாது சேர்.”

போனை வைத்துவிட்டுக் கலண்டருக்கு முன் நின்றேன். காரைக் கொண்டுபோய் விட்டால் பழுது போய்விடும். ஆனால் அந்த நாலைந்து நாளுக்குள் நோவு எடுத்தால் வளவில் கார் இராது. விடாமல் வைத்திருந்தால் கார் இருக்கும். ஒயில் வடிந்து, ஓடும்போது என்ஜின் இறுகி நின்றால், திரும்பவும் ஒரு வீதி, ஒரு பொனட், ஒரு நாற்பத்தைந்து நிமிடம். கிளினிக் தந்த திகதி ஒரு திகதிதான். முதல் பிள்ளைக்கு ஒன்பது நாள் முந்தித்தான் நோவு எடுத்தது. காரை வளவிலேயே வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். பின்னேரம் களுவாஞ்சிக்குடிக்கு மோட்டார் சைக்கிளில் போய் ஒயில் ரின் ஒன்று வாங்கிவந்தேன். மருந்து ஊற்றும் கிண்ணத்தால் அளந்து முந்நூறு மில்லி விட்டேன். புனல் இருக்கவில்லை. சற்று வெளியே சிந்தியது. நிலத்தில் கிடந்த கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், மகள் வழுக்கி விழக்கூடாதென்று.

ஏழாம் திகதி காலை, குளிர்சாதனப் பெட்டி வந்த கார்ட்போட் மட்டையைக் காருக்குக் கீழே விரித்து வைத்தேன். எட்டாம் திகதி காலை அதில் ஐந்து துளி. பேனையால் ஒவ்வொன்றையும் சுற்றி வட்டமிட்டுத் திகதி போட்டேன். கம்பியில் ஒயில் கீழ்ப் புள்ளியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இன்னொரு முந்நூற்றைம்பது மில்லி விட்டேன். ஒன்பதாம் திகதி பன்னிரண்டு துளி.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, மட்டையில் இருந்த வட்டங்களைப் பார்த்தாள்.

“அம்மா, இஞ்ச வந்து பாருங்க. அப்பா காருக்கும் கிளினிக் கொப்பி போட்டிருக்கார்.”

“மனிசன் யாருக்குப் பிரசவம் பாக்கிறார் எண்டு கேளு, உனக்கா காருக்கா” என்றா மனைவி.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடிந்ததும் மகள் மட்டையைத் திரும்பவும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வானுக்குள் இருந்து, சாரதி பொனட்டை மூடும்போதெல்லாம் இப்போது கிளம்பும் என்று பார்த்த பார்வை அது.

“கார் ஓடும்தானே அப்பா?”

“ஓடும் புள்ள.”

“உண்மையாவா?”

“ஓம்.”

அதைச் சொன்னபோது எனக்கு அது உண்மையா என்று தெரியாது.

பத்தாம் திகதி முழுநாளும் மழை. எங்கள் வளவின் பின்புறம் வாவிக்கரை. அங்கே தென்னங்குற்றி ஒன்றை நட்டு, அங்குலக் கோடு கீறி, நான் என் பாட்டுக்கு வாவியின் மட்டம் எழுதி வருகிறேன். அன்று காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் ஏழு அங்குலம் ஏறியிருந்தது. வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்க முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களா இல்லையா என்று ஆளுக்கொரு கதை. பின்னேரம் தண்ணீர் முன்வளவுக்கு வந்து, காரின் பின்சில்லைத் தொட்டது. எங்கள் வீட்டு அத்திவாரம் உயரம். முன்பொரு வெள்ளத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு உயர்த்திக் கட்டியது. வாசல் மட்டத்திலிருந்து வீதி வரை போர்டிக்கோ நிலம் சரிவாக இறங்கும். காரை இன்னும் மேலே ஏற்றி, மூக்கு ஜன்னல் சுவரை முட்டுமளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். தண்ணீர் சில்லுக்கு எட்டவில்லை. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அதை நினைத்தேன்.

பதினோராம் திகதி காலை கம்பியில் ஒயில் கீழ்ப் புள்ளிக்கு அரை அங்குலம் கீழே போயிருந்தது.

அதைக் கண்டதும் காரின் பக்கத்தில் இருந்த செங்கல் அடுக்கில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் இரவில் இவ்வளவு ஒயில் எங்கே போனது? மட்டையில் ஒன்பது துளிதான் இருந்தது. ஒன்பது துளிக்கு இவ்வளவு குறையாது. அப்படியென்றால் என் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எங்கேயோ போகிறது. நானூறு மில்லி விட்டேன். அவசரத்தில் அரைக் கிண்ணம் என்ஜினுக்கு மேலே ஊற்றுண்டது. பதினான்காம் திகதி, பொங்கலுக்கு முதல் நாள், இன்னும் முந்நூறு. ஆக நாலு தரம், ஆயிரத்து முந்நூற்றைம்பது மில்லி. மேல் புள்ளியை அது ஒருதரமும் எட்டவில்லை.

மாற்று வழி தேடாமலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டுபவர். கேட்டேன். “ஐயா, நான் இரிக்கன், நீங்க ஏன் யோசிக்கிறீங்க?” என்றார். பொங்கலன்று பின்னேரம் குடும்பத்தோடு தன் மனைவியின் ஊரான வாழைச்சேனைக்குப் போய்விட்டார். அம்புலன்ஸ் இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். பன்னிரண்டாம் திகதி அடுத்த ஒழுங்கையில் ஒருவருக்கு நெஞ்சுநோவு என்று அழைத்தபோது, வெள்ளத்தைச் சுற்றி அது வந்துசேர ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. வந்தவர்கள் இடுப்பு வரை நனைந்திருந்தார்கள். அவர்களில் பிழை இல்லை. நான் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 16, வெள்ளி. காலை 10.35க்கு மகள் குசினி வாசலில் நின்று, “அம்மா, இது அதுதான்” என்றாள்.

10.50க்குப் புறப்பட்டோம். மனைவியும் மகளும் பின்னால். மழை பெரிதாக இல்லை, ஆனால் விடாமல் தூறியது. ஸ்டார்ட் செய்ததும் மீற்றரில் எல்லா விளக்கும் எரிந்து அணைந்தன. ஒயில் விளக்கும் அணைந்தது. சின்னச் சாடி ஒன்றின் மூக்கில் துளி தொங்குவது போன்ற படம் அது. சிவப்பில் எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்தவேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். குருக்கள்மடம் தாண்டும்வரை நான் வீதியைப் பார்த்ததைவிட அந்தச் சாடி இருந்த இடத்தைப் பார்த்ததே கூட. இடையிடையே மணியையும் பார்த்தேன். மகளுக்கு நோவு எட்டு நிமிடத்துக்கு ஒருதரம் வந்தது. கிரான்குளத்தில் ஆறு.

“ஆறு நிமிசம்” என்றேன்.

“நீங்க றோட்டப் பாருங்க! மணிக்கூட்ட நான் பாக்கிறன்” என்று மனைவி பின்னாலிருந்து கத்தினா.

ஆரையம்பதிக்குக் கிட்ட ஒயில் கருகும் மணம் வந்தது. வெளியிலிருந்து வருகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கண்ணாடியைப் பூட்டினேன். மணம் கூடியது. சிவப்பு விளக்கு எரியவில்லை. ஏன் எரியவில்லை என்பதும் ஒரு பயமாயிற்று; விளக்கும் பழுதோ? மகளும் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பூட்டினாள். அவளுக்கும் மணத்திருக்கும்.

ஆரையம்பதி தாண்டியதும் ஒரு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. நாற்பது வயது மதிக்கலாம். வெள்ளைச் சேர்ட், வெள்ளைச் சாரன், தலையில் தொப்பி, மேலே மழைக்கோட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்தியிருந்தார்.

“சேர், ஓரத்துல எடுங்க! பின்னால நீலப் புகை போகுது, காணல்லயா?”

நிறுத்தினேன். பின்னால் பார்த்தேன். வீதியில் நாங்கள் வந்த வழி நெடுக நீல மூட்டம். மகள் கண்களை மூடிக்கொண்டாள். 11.21. திரும்பவும் ஒரு வீதி, ஒரு பொனட்.

“தம்பி, பிள்ளைக்கு நோவு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். ஒயில் ஒழுகுது. பத்து நாளா ஒழுகுது” என்றேன்.

அவர் உள்ளே பார்த்தார். “தாத்தா, பயப்புடாதீங்க, நான் மெக்கானிக்தான். காத்தான்குடியில நம்மட கராஜ் இரிக்கி. இண்டைக்கு வெள்ளிக்கிழம, பூட்டு” என்று, அவர்கள் வழக்கில் அக்காவை அழைப்பதுபோல் அழைத்து, மனைவியிடம் சொல்லிக்கொண்டே பொனட்டைத் திறந்தார். சேர்ட் பையிலிருந்து தோய்த்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கம்பியைத் துடைத்தார். சற்றுப் பொறுத்து, விட்டு இழுத்தார். கம்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சேர், கடைசியா எங்க வெச்சிப் பாத்தீங்க?”

“வீட்ட. போர்டிக்கோவில.”

“போர்டிக்கோ மட்டமா, சரிவா?”

அவர் கேட்ட கணத்திலேயே, வீட்டின் முன்நிலம், மேலே ஏற்றி நிறுத்திய கார், அடுத்த நாள் காலை அரை அங்குலம் இறங்கிய ஒயில் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன் வந்தன.

“மூக்கு மேலயா கீழயா?”

“மேல.”

“பாருங்க.” கம்பியைக் காட்டினார். மேல் புள்ளிக்கும் மேலே, விரல் அகலத்துக்கு ஒயில் பளபளத்தது. “ஒயில் குறையல்ல சேர். மூக்கு மேல நிண்டா ஒயில் பின்னால போயிரும், கம்பியில குறைவாத்தான் காட்டும். வயிறு முட்டிக் கிடக்கு. எவ்வளவு ஊத்தினீங்க?”

“ஆயிரத்து முந்நூற்றைம்பது மில்லி.”

“அளந்தா ஊத்தினீங்க?”

“அளந்துதான்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. மகளைக் கண்டதும் அடக்கிக்கொண்டார். பின்னால் இருந்து மனைவி, “அளக்காம அந்த மனிசன் தண்ணியும் குடிக்காது தம்பி” என்றா.

குளத்து வேலையில் சேர்ந்தவனுக்கு முதல் நாளே சொல்லும் விஷயம், அளவுக்கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மட்டத்தைப் படிக்கவேண்டும் என்பது. வெள்ளம் போன பின் சரிந்து நின்ற கம்பங்களில் எடுத்த அளவுகளை நானே சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். எத்தனை தரம் என்று தெரியாது, நிறையத் தரம். இங்கே கம்பி சரியாக நின்றது. குளம்தான் சரிந்து நின்றது.

கூடிய ஒயிலை உள்ளே சுழலும் உறுப்புகள் அடித்து நுரையாக்கும், அமுக்கம் கூடி அது கிடைத்த இடுக்கால் வெளியே வரும், மிச்சம் எரிந்து புகையாகும் என்று அவர் இரண்டு வசனத்தில் சொன்னார். எனக்கு அதில் ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

“போகலாமா?”

அவர் குனிந்து கீழே பார்த்தார். வெள்ளைச் சாரன் ஈர வீதியில் பட்டது. என்னைத் திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொல்லி, என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே மகள் பல்லைக் கடித்து முனகினாள். “நாலு நிமிசம்” என்றா மனைவி, இந்தத் தரம் மெதுவாக.

“இப்ப இதக் கழட்டி வடிக்க நேரமில்ல. போகலாம் சேர். ஆனா மிதிக்காதீங்க. நாப்பதுக்கு மேல வேணாம். நான் பின்னால வாறன். ஹோர்ன் அடிச்சா நிப்பாட்டுங்க, மறுகா நம்மட ஓட்டோ ஒண்டப் புடிச்சி ஏத்துவம்.”

“உங்களுக்குத் தொழுகைக்கு...”

“டவுனிலயும் பள்ளி இரிக்கி சேர். எடுங்க, எடுங்க.”

காத்தான்குடிக்குள், நடுவில் ஈச்சமரங்கள் நிற்கும் அந்த வீதியில், நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். வெள்ளிக்கிழமை என்பதால் கடைகள் பூட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் பள்ளிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் இப்போது சாடி விளக்கைப் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கும் கண்ணாடியில், நீலப் புகைக்குள் தெரிந்தும் மறைந்தும் வந்த அந்த வெள்ளைச் சேர்ட்டையே பார்த்தேன். அவர் ஹோர்ன் அடித்துவிடுவார் என்று ஒவ்வொரு நொடியும் எதிர்பார்த்தேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என்ஜின் ஒருதரம் திக்கியது. பாலத்தின் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர்.

“அப்பா” என்றாள் மகள்.

“என்ன புள்ள?”

“ஒண்டுமில்ல. போங்க.”

பாலத்தால் இறங்கினோம். 11.52க்கு ஆஸ்பத்திரி வாசல். சக்கர நாற்காலியில் மகளை ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்து, “இதையும் எழுதி வைங்க” என்றாள். கேலியா, உண்மையா என்று விளங்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது மோட்டார் சைக்கிள்காரர் இல்லை. தொழப் போயிருக்கவேண்டும்.

2.35க்குப் பெண்பிள்ளை பிறந்தது. நிறை இரண்டு கிலோ தொள்ளாயிரம். தாதி வந்து சொன்னபோது நான் பேனையைத் தேடினேன், காதில் இருந்தது. ஆனால் எழுதக் கை வரவில்லை. நேரத்தையும் நிறையையும் மனைவி சொல்லத்தான் அடுத்த நாள் எழுதினேன்.

பதினேழாம் திகதி, காத்தான்குடியில் விசாரித்து அவருடைய கராஜைக் கண்டுபிடித்தேன். கார் மட்டமான சீமெந்து நிலத்தில் நின்றது. கூடிய ஒயிலை வடித்தார். என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினார். அதற்குள் ஒயில் தேங்கி நின்றது.

“இது ஒழுக்கில்ல சேர். புனல் இல்லாம ஊத்தி, நீங்க சிந்தினது. அதுதான் கொஞ்சங் கொஞ்சமா வடிஞ்சிரிக்கி. நீங்க ஊத்த ஊத்த வடியும், வடிய வடிய ஊத்தியிரிக்கீங்க.”

“சீல் பழுதில்லயா?”

“நான் சொல்றன், ஒண்டுமில்ல. புள்ளைக்கு என்ன பேர் வெச்சிரிக்கீங்க?”

காரோடு வந்த கைநூல் யப்பான் மொழியில். கம்பியின் படத்தை மட்டும் பார்த்துத்தான் நான் வேலை செய்தேன். படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. மாப்பிள்ளை அதைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்து அனுப்பினார்: வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி அளக்கவும்.

அன்றிலிருந்து மட்டையில் ஒரு துளியும் இல்லை. பத்து வாரமாக ஒவ்வொரு காலையும் பூச்சியம் என்று எழுதுகிறேன். ஒயில் பார்ப்பது சந்தியில், மட்டமான இடத்தில், கிழமைக்கு ஒருதரம். பிள்ளை ஜன்னலுக்கு உள்ளே, தாய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது. குனிந்து காருக்குக் கீழே பார்ப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை.

ஏனென்றால் ஆறாம் திகதிக் கறை மிச்சம் இருக்கிறது. அதற்கு முன் நான் ஒரு துளியும் ஊற்றவில்லை, ஆகவே சிந்தவும் இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டேன். “அந்த ஒயில வெச்சிருந்தாப் பாத்துச் சொல்லலாம்” என்றார். எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நான் அதை மண்ணெண்ணெயால் கழுவிவிட்டேன். மனைவி சொல்வது வேறு: நாங்கள் கிளினிக்குக்குப் போயிருந்த ஒருநாள், பக்கத்து வீட்டு ஓட்டோ மழைக்கு எங்கள் போர்டிக்கோவில் நின்றது. அது ஐந்தாம் திகதியா, அதற்கு முந்திய கிழமையா என்று அவவுக்கு நினைவில்லை. என் கொப்பியில் அது இல்லை. எழுதத் தக்கது என்று அன்று தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். “என்ட ஓட்டோ சொட்டும் ஒழுகாது ஐயா” என்று சற்றுக் கோபமாகச் சொன்னார். அவர் ஓட்டோ நிற்கும் இடத்தில் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். அது மணல், ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 6 காலை கண்ட கறை எங்கள் காரிலிருந்து விழுந்ததா, இல்லையா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.